டயர், கார் கண்ணாடி, கார்ப்பெட்: அலபாமாவின் ரூரல் ஸ்டூடியோ கற்றுக்கொடுத்த கட்டுமானம்

1990-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேசன்ஸ் பெண்ட் என்ற சின்னக் குடியிருப்பில், கட்டடக்கலை மாணவர் ஒருவர் 140 டாலர் செலவில் ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்தார். ஒரு முதிய தம்பதியின் வீட்டுக்குப் பக்கத்தில், மீனுக்குப் புகை போட்டுப் பதப்படுத்துவதற்கான சிறிய கூடம் அது. சுவருக்கு உடைத்துப் போட்ட கான்கிரீட் துண்டுகள், அவற்றின் இடுக்குகளில் பதித்த காலி பாட்டில்கள், கூரைக்குக் கழித்துக்கட்டிய சாலை அறிவிப்புப் பலகைகள். பகலில் உள்ளே நின்றால் ஒவ்வொரு பாட்டிலின் அடிப்பாகமும் ஒரு வண்ணப் பொட்டாக ஒளிரும்.

இதைக் கட்டவைத்தது, மாணவர்களைத் தங்கள் கையாலேயே கட்டவைத்துக் கட்டடக்கலை கற்பிக்கும் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் 'ரூரல் ஸ்டூடியோ'. 1993-இல் சாமுவேல் மாக்பீ, டி.கே. ரூத் என்ற இரு பேராசிரியர்கள் தொடங்கியது. தூக்கிப்போட்ட பொருளைக் கொண்டு கட்டடம் கட்டக் கற்றுக்கொடுத்த இடங்களில் இதைப்போல நீண்ட காலம் நடந்ததும், வெற்றியும் சறுக்கலும் வெளிப்படையாகத் தெரிவதும் அதிகமில்லை. அதனால்தான் இந்த ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டேன். பழைய பொருள் மாணவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, எதைக் கற்றுக்கொடுக்க முடியாமல் போனது என்பதுதான் கேள்வி.

இடமும் ஆளும்

மேசன்ஸ் பெண்ட் இருக்கும் ஹேல் மாவட்டம் அலபாமாவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த கரிய மண். பருத்தி போனபின் வறுமை நிலைத்துவிட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. குழாய்த் தண்ணீரோ கழிப்பறையோ இல்லாத வீடுகள் தொண்ணூறுகளில்கூட இருந்தன. மாக்பீ பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்தவர். வசதி படைத்தவர்களுக்கு வீடு வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். மழை ஒழுகாமல், குளிர் ஏறாமல் இருந்தால் மட்டும் ஒரு வீடு முழுமையாகிவிடாது, அதில் வாழ்பவருக்கு அது கௌரவத்தையும் தரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஏழை வீடு என்பதற்காக அழகில் ஒரு படி இறங்க அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள நியூபெர்ன் என்ற சிற்றூருக்கு வந்து தங்கினார்கள். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினார்கள், வரைந்தார்கள், அப்புறம் தாங்களே மண்வெட்டி பிடித்தார்கள். கையில் பணம் கிடையாது. எனவே சும்மா கிடைப்பது எது என்று தேடிப் போகவேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் அக்கறை ஒரு கொள்கையாக வந்து இவர்களைப் பழைய பொருளிடம் அனுப்பவில்லை, தட்டுப்பாடுதான் அனுப்பியது. ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னாளில் இந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் பசுமைக் கட்டடம் என்ற முத்திரையை முதலில் குத்திவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள்.

பொருள் முதலில், வரைபடம் பிறகு

கட்டடக்கலைக் கல்லூரியில் வழக்கம் என்ன? முதலில் வடிவம், அப்புறம் அதற்கேற்ற பொருள். சுவர் எத்தனை நீளம் வேண்டுமோ வரைந்துவிடலாம், செங்கல் எங்கிருந்தாவது வரும். பழைய பொருளில் இந்த வரிசை தலைகீழ். கையில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் சாயர்வில் அருகே 1995-இல் கட்டிய யான்சி சேப்பல் என்ற சிறு வழிபாட்டுக் கூடம். ஊரார் 'டயர் சேப்பல்' என்கிறார்கள். மூன்று மாணவர்களின் இறுதியாண்டு வேலை. நீதிமன்ற உத்தரவுப்படி இருப்பைக் காலிசெய்யவேண்டிய ஒரு டயர் வியாபாரியிடமிருந்து சுமார் 1,000 பழைய டயர்கள் கிடைத்தன. ஒவ்வொரு டயருக்குள்ளும் மண்ணை நிரப்பி, கல்லாக இறுகும்வரை குத்தி, கம்பி செருகி, மேலே வலை சுற்றிச் சிமெண்டுப் பூச்சுப் பூசினார்கள். கூரையைத் தாங்கும் மரம் ஒரு பழைய வீட்டைப் பிரித்து எடுத்தது. தரைக்கு உள்ளூர் ஓடையிலிருந்து பொறுக்கிய பலகைக் கற்கள். மொத்தச் செலவு சுமார் 15,000 டாலர்.

டயர்ச் சுவரின் வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பாடம் புரியும். காலி டயரை ஒரே கையால் தூக்கிவிடலாம். மண் குத்தி இறுக்கியபின் அது நூறு கிலோவைத் தாண்டிவிடும். வெளியில் குத்தி முடித்து உள்ளே தூக்கிவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சுவரில் அதன் இடத்தில் வைத்துத்தான் குத்தவேண்டும். செங்கல்லைப் போலவே மேல்வரி டயர் கீழ்வரியின் இரண்டு டயர்களின் இணைப்பின்மேல் உட்காரவேண்டும். வெவ்வேறு வண்டிகளின் டயர்கள் கலந்து வந்தால் மட்டம் கெட்டுவிடும், ஆகவே அளவு பார்த்துப் பிரிக்கவேண்டும். ஓரத்தில் குத்தாமல் நடுவில் மட்டும் குத்தினால் மண் பக்கவாட்டில் பொள்ளலாக நின்றுவிடும். சுமை, இணைப்பு, மட்டம், இறுக்கம் ஆகிய நான்கையும் வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு மணி நேரத்தில் நடத்தலாம். ஆயிரம் டயர் குத்தியவருக்கு அவை தோள்பட்டையில் பதிந்திருக்கும்.

அடுத்தது மேசன்ஸ் பெண்டின் சமுதாயக் கூடம். 2000-இல் முடிந்தது. நடமாடும் நூலக வண்டியும் மருத்துவ வண்டியும் வந்து நிற்கும் இடமாகவும், வழிபாட்டுக்கும் பயன்படவேண்டும் என்று கட்டியது. சுவர்கள், அக்கம்பக்கத்து மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து திமிசு போட்டு இறுக்கியவை. கூரையின் ஒரு பக்கம் முழுக்கக் கார்களின் முன்கண்ணாடி. ஒரு மாணவர் சிகாகோவின் பழைய கார் கிடங்கு ஒன்றிலிருந்து 80 கண்ணாடிகளை 120 டாலருக்கு வாங்கி வந்தார். எல்லாமே ஷெவர்லே கப்ரீஸ் காரின் கண்ணாடிகள்.

இங்கே ஒரே மாடல் என்பதுதான் முக்கியம். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழித் தாளை ஒட்டிச் செய்வது, வளைவும் உண்டு. அதை நம் அளவுக்கு வெட்டுவது எளிதான காரியமல்ல. கிடைத்த வடிவத்திலேயே பயன்படுத்தியாகவேண்டும். 80 கண்ணாடிகளும் ஒரே அளவு, ஒரே வளைவு என்றால் ஒரே ஒரு பிடிப்பான் முறையை யோசித்து அதை 80 தடவை செய்துவிடலாம். மீனின் செதிள்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அடுக்கு அப்படித்தான் வந்தது. 80 வெவ்வேறு கார்களின் கண்ணாடியாக இருந்திருந்தால் 80 தனித்தனித் தீர்வுகள் தேவைப்பட்டிருக்கும், மழை வேறு உள்ளே வந்திருக்கும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பிரிவினை ஒன்று உண்டு. கழிவுப் பொருள் இரண்டு வகை. புகைக்கூடத்தின் கான்கிரீட் துண்டுகளைப் போல ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருப்பது ஒன்று. டயரையும் முன்கண்ணாடியையும் போல ஒரே மாதிரியாக மொத்தமாகக் கிடைப்பது இன்னொன்று. முதல் வகை மாணவரின் கண்ணையும் கையையும் பழக்கும், ஆனால் சின்னக் கட்டடத்துக்குத்தான் சரிப்படும். பெரிதாகக் கட்டவேண்டுமானால் இரண்டாவது வகையைத் தேடவேண்டும். ரூரல் ஸ்டூடியோவின் கட்டடங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தப் பாகுபாடு தெளிவாகத் தெரிகிறது.

மாக்பீயின் காலத்தில் தொடங்கி, 2001 டிசம்பரில் அவர் இரத்தப் புற்றுநோயால் மறைந்தபின் 2002-இல் முடிந்த 'கார்ப்பெட் ஹவுஸ்' அந்த இரண்டாவது வகையின் உச்சம். கார்ப்பெட் தயாரிக்கும் இன்டர்ஃபேஸ் நிறுவனம் கொடுத்த 72,000 கார்ப்பெட் ஓடுகளை, அதாவது தரையில் பதிக்கும் கார்ப்பெட் துண்டுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கனமான மரவளையத்தால் அழுத்திச் சுவராக்கினார்கள். புதுக் கார்ப்பெட்டிலிருந்து வாயு வெளியேறும் என்பதால், பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து அந்தப் பிரச்சினை தீர்ந்த ஓடுகளையே எடுத்தார்கள். குப்பையில் போட்டால் மட்காத ஒரு பொருளை, மட்காமல் இருப்பதே நன்மையாக அமையும் இடத்தில் கொண்டுவைத்த யோசனை இது. நியூபெர்னில் 2001-இல் மெழுகு ஏற்றிய அட்டைக் கழிவைப் பெரிய கட்டுகளாக அடுக்கிச் சுவர் எழுப்பிய சோதனைக் கட்டடமும் இதே வழிதான். மெழுகு ஏறிய அட்டையைக் கூழாக்கி மறுபடி காகிதம் செய்ய முடியாது; கட்டாகக் கட்டி வைத்தால் அந்த மெழுகே ஈரத்தைத் தடுக்கும்.

பிரிப்பதும் ஒரு பாடம்

இவை எல்லாம் பத்திரிகைகளில் படங்களாக வந்து புகழ்பெற்றவை. என் கணக்கில் கற்பித்தலுக்கு இவற்றைவிடப் பெரிய பாடம், பெரி மாவட்டத்தில் 2002-இல் முடிந்த ஆன்டியாக் பாப்டிஸ்ட் தேவாலயம். சில குடும்பங்கள் மட்டும் வரும் சிறிய சபை. பழைய தேவாலயத்தின் அஸ்திவாரம் கெட்டுவிட்டது, கழிப்பறை இல்லை, ஞானஸ்நானத் தொட்டி இல்லை. நான்கு மாணவர்கள் பழைய கட்டடத்தைப் பிரித்து, அதன் பொருளில் சுமார் 75 விழுக்காட்டைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். உத்தரங்கள், சுவர்ப் பலகைகள், வெளிப்புறத் தகரம் எல்லாம் பழைய தேவாலயத்தினுடையவை. பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டம் தெரியும்படி ஒரு நீண்ட கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள்.

எங்கிருந்தோ வந்து இறங்கும் கழிவைப் பயன்படுத்துவதற்கும், நிற்கும் கட்டடத்தைத் தன் கையால் பிரிப்பதற்கும் வித்தியாசம் நிறைய. இடிப்பவருக்கு வேகம் வேண்டும், பிரிப்பவருக்கு வரிசை வேண்டும். கடைசியாகப் பொருத்தியது முதலில் கழன்று வரவேண்டும்: கூரைத் தகரம், அப்புறம் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், அப்புறம் கைமரங்கள், அப்புறம் சுவர்ப் பலகை. பலகையின் ஓரத்தில் கடப்பாரையை வைத்து நெம்பினால் பிளந்துவிடும். ஆணிக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கவேண்டும். நுனி எப்படியும் கொஞ்சம் சிதையும், அதை அறுத்துத் தள்ளினால் ஒவ்வொரு பலகையும் நீளத்தில் குறையும். பத்தடிப் பலகை என்று நம்பி வரைந்தவருக்கு ஒன்பதடி மிஞ்சும்போது படத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு ஆணியைக் கவனிக்காமல் விட்டால் ரம்பத்தின் பல் போய்விடும். எந்த இடத்தில் தண்ணீர் நின்று மரம் உளுத்திருக்கிறது, எந்த இணைப்பு நூறாண்டு ஆகியும் அசையாமல் இருக்கிறது என்பதைப் பிரிக்கும்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். ஒரு கட்டடம் எப்படிச் சாகிறது என்று பார்த்த மாணவர், அடுத்த கட்டடத்தின் தாழ்வாரத்தை இன்னும் அரையடி நீட்டி வரைவார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-இல் அந்த நாட்டில் உண்டான கட்டுமான, இடிப்புக் கழிவு 60 கோடி டன். வீடுகளிலும் கடைகளிலும் சேரும் நகராட்சிக் குப்பையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் 90 விழுக்காட்டுக்கும் அதிகம் இடிப்பிலிருந்து வருவது. புதுக் கட்டுமானத்தில் மிஞ்சுவது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியிருக்க, கட்டுவதை மட்டும் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்து, பிரிப்பதை ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்காத பாடத்திட்டம் பிரச்சினையின் பெரிய பாதியைத் தொடாமலேயே விட்டுவிடுகிறது.

140 டாலரில் சேராத கணக்கு

புகைக்கூடத்தின் 140 டாலர், சேப்பலின் 15,000 டாலர் போன்ற எண்கள் படிப்பவரை மயக்கும். அவற்றில் பொருளின் விலை இருக்கிறது, உழைப்பின் விலை இல்லை. மாணவர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள்; பட்டம் வாங்கியபின்னும் தங்கி வேலையை முடித்துக்கொடுத்தவர்கள் உண்டு. சிகாகோவுக்குப் போய்வந்த வண்டியின் எரிபொருள், சேகரித்து வைக்கத் தேவைப்பட்ட இடம், ஆயிரம் டயரைக் குத்திய மணிநேரங்கள், பக்கத்தில் நின்று வழிகாட்டிய ஆசிரியரின் சம்பளம் எதுவும் அந்த எண்ணுக்குள் வரவில்லை. பழைய பொருளில் பொருட்செலவு குறையக் குறைய உழைப்பு ஏறும். கல்லூரிக்கு அந்த உழைப்பு கல்வியாக மாறிவிடுவதால் நஷ்டமில்லை. ஆனால் அதே டயர்ச் சுவரை ஒரு மேஸ்திரி கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் மலிவு என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

இன்னொன்றும் உண்டு. ஹேல் மாவட்டத்தின் கிராமப்புறத்தில் அப்போது கட்டட விதிகளும் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இருக்கவில்லை. கார்ப்பெட்டில் சுவர் எழுப்ப யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவேண்டியிருக்கவில்லை. அந்தச் சுதந்திரம் இல்லாமல் இந்தக் கட்டடங்களில் பாதி பிறந்திருக்காது. அப்படியென்றால் விதி உள்ள ஊரில் இது நடக்காதா? நடக்கும். இங்கிலாந்தின் பிரைட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் 2014-இல் திறக்கப்பட்ட 'வேஸ்ட் ஹவுஸ்' அதற்குச் சாட்சி. கட்டடக்கலைஞர் டங்கன் பேக்கர்-பிரௌன் வடிவமைத்தது. கட்டட விதிகளுக்கு முறையாக உட்பட்டு, உள்ளூர்த் தொழிற்கல்லூரி மாணவர்கள் கை வைத்துக் கட்டியது. பழைய கார்ப்பெட் ஓடுகளைத் திருப்பி, ரப்பர் முதுகு வெளியே தெரியும்படி ஆணியடித்து மழைக்கான மேலுறையாக்கினார்கள். சுவரின் பொள்ளலுக்குள் ஏறத்தாழ 20,000 பழைய பல்துலக்கிகளும், டெனிம் துணிக் கழிவும், வீடியோ கேசட்டுகளும் வெப்பத் தடுப்பாகப் போயின. அடைத்ததோடு விடாமல், எது எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்று அளக்கக் கருவிகளையும் உள்ளே வைத்தார்கள். அலபாமாவில் இல்லாத ஒழுங்கு இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கட்டி முடித்தபின் அளந்து பார்ப்பதும் பாடத்தின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும்.

திசை மாறியது ஏன்

மாக்பீக்குப் பின் பொறுப்பேற்றவர் இங்கிலாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஃப்ரியர். அவருடைய காலத்தில் ஸ்டூடியோ பழைய பொருளிலிருந்து மெல்ல விலகியது. ஆசை குறைந்ததால் அல்ல. அதே ஊரில் வருடக்கணக்காக இருந்தால், கட்டிக்கொடுத்தவை வெயிலிலும் மழையிலும் என்ன ஆகின்றன என்று தினமும் கண்ணில் படும். 80 கண்ணாடிகளில் ஒன்று உடைந்தால் அதே மாடலுக்கு எங்கே போவது? மாற்றுப் பொருள் கடையில் கிடைக்காத கட்டடத்தைப் பராமரிக்கும் சுமை வசதியில்லாத குடும்பத்தின் தலையில்தான் விழும்.

2005-இல் தொடங்கிய '20கே ஹவுஸ்' திட்டம் இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. 20,000 டாலருக்குள், பொருளும் ஒப்பந்தக்காரரின் கூலியும் சேர்த்து, ஒரு வீடு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அடைக்கக்கூடிய வீட்டுக்கடன் அவ்வளவுதான் என்ற கணக்கிலிருந்து வந்த தொகை. அதில் டயரும் கிடையாது, கார்ப்பெட்டும் கிடையாது. பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கும் மரமும் தகரமும்தான்.

இதைப் பார்த்து மறுபயன்பாடு தோற்றுவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வாக அது எடுபடவில்லை என்பது உண்மை. ஒரு தடவை கிடைத்த பொருளால் ஒரு தடவைதான் கட்ட முடியும். ஆனால் கற்பிக்கும் முறையாக அது கொடுத்தது அப்படியே மிஞ்சியது. ஒரு பலகையின் நீளத்துக்கேற்ப அறையின் அகலத்தை முடிவுசெய்வது, வெட்டுச் சேதம் வராமல் வரைவது, ஒரே இணைப்பைப் பலமுறை பயன்படுத்துவது ஆகியவையெல்லாம் 20,000 டாலர் வீட்டுக்கும் உயிர்நாடி. பழைய மரத்தோடு மல்லுக்கட்டிய ஒரு பள்ளிக்குத்தான் புது மரத்தை இவ்வளவு சிக்கனமாக எண்ணத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய பொருளை அவர்கள் ஒரேயடியாகக் கைவிட்டுவிடவும் இல்லை. கிரீன்ஸ்பரோ ஊரின் லயன்ஸ் பூங்காவில் 2010-இல் குழந்தைகளுக்கான விளையாட்டு இடம் ஒன்றைக் கட்டினார்கள். புதினா எண்ணெய் ஏற்றிச் செல்லப் பயன்பட்ட துத்தநாகப் பூச்சு இரும்பு டிரம்கள், சுமார் 2,000. ஒரே அளவு, துருப்பிடிக்காத பூச்சு, உள்ளே இருந்ததும் நஞ்சில்லாத எண்ணெய். அவற்றை அடுக்கி, குழந்தைகள் நுழைந்து ஓடும் புதிர்ப்பாதையாக்கினார்கள். வீடு அல்ல, பூங்கா. பராமரிப்பு ஒரு குடும்பத்தின் சுமையல்ல. எந்தக் கழிவை எந்தக் கட்டடத்துக்கு எடுக்கலாம் என்பதில் பதினைந்து வருட அனுபவம் என்ன செய்கிறது என்பதை, 1995-இன் டயரையும் 2010-இன் டிரம்மையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

செய்ய நினைக்கும் கல்லூரிக்கு

முதல் பருவத்தில் கட்டவே வேண்டாம். இடிக்கப்போகும் ஒரு சின்னக் கட்டடத்தை, ஒரு ஓட்டு வீடோ பழைய கொட்டகையோ எதுவானாலும், மாணவர்கள் வரிசைப்படி பிரிக்கட்டும். மின் இணைப்பு துண்டித்தாயிற்றா, கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருக்கிறதா, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்; கல்நார்த் தகட்டை மாணவர் தொடவே கூடாது, அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் எடுக்கவேண்டும். வந்த பொருளைப் போட்டு வைக்க மழை படாத, தரையிலிருந்து உயர்ந்த ஒரு கொட்டகை அவசியம். பல முயற்சிகள் வடிவமைப்பில் கெடுவதில்லை, இந்தக் கொட்டகை இல்லாததால் மரம் நனைந்து கெடுகின்றன.

கொட்டகையில் ஒரு பதிவேடு இருக்கட்டும். பொருள், எங்கிருந்து வந்தது, எண்ணிக்கை, அறுத்தபின் மிஞ்சிய அளவு, சுத்தம்செய்ய ஆன மணிநேரம், ஏற்றிவந்த வண்டிக்கூலி. கடைசி இரண்டு விவரங்களையும் எழுத மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள், ஆசிரியர் விடக்கூடாது. கட்டடம் முடிந்தபின் 'எவ்வளவு ஆயிற்று' என்று யாராவது கேட்டால் உழைப்பையும் சேர்த்துப் பதில் சொல்ல அந்த இரண்டு விவரங்களால்தான் முடியும்.